இசைத்தட்டே சபையாக: ஊவாத் தோட்டங்களில் சங்கீதம் கேட்ட வரலாறு

தமிழில் சங்கீத சரித்திரம் எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் பாடினவரையும் வாசித்தவரையும் பற்றியே எழுதினார்கள்; கேட்டவனைப் பற்றி எழுதினவர் அரியர். இன்ன வித்துவான் இன்ன ஊரிற் பிறந்தார், இன்னாரிடம் குருகுலவாசம் செய்தார், இன்ன சமஸ்தானத்தில் சன்மானம் பெற்றார் என்னும் விவரங்கள் வேண்டிய அளவுக்கு மேலேயே நமக்குக் கிடைக்கின்றன. அதே காலத்தில், அந்த வித்துவானை ஒரு நாளும் நேரிற் காணாமல், சபாக் கச்சேரி என்பது எப்படியிருக்கும் என்பதையும் அறியாமல், சுழலும் கரிய தட்டொன்றின் வாயிலாக அவருடைய தோடியைப் பழகிக்கொண்டு, தாம் இப்பொழுது எதைக் கேட்கிறோம் என்பதை அயலாருக்கெல்லாம் தெரிவித்து வாழ்ந்த ரசிகர்களைப் பற்றிய குறிப்பு நம் நூல்களில் காண்பது கடினம். அத்தகைய ரசிகர் கூட்டம் ஒன்று இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளையைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் இருந்தது. அவர்கள் கேட்ட முறையும், கேட்டதைப் பகிர்ந்த முறையும் நம்முடைய இசை வரலாற்றின் ஓர் அத்தியாயம் என்பதே இக்கட்டுரையின் கட்சி.

ஊவாவின் நிலத்தை முதலில் நினைவில் இருத்திக்கொள்வது நல்லது. ஹப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, ஹாலி-எல, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை என்று மலையும் பள்ளமுமாகக் கிடக்கும் இப்பிரதேசத்தில், 1869 முதல் பரவிய இலை நோயினால் கோப்பி அழிந்தபின் தேயிலை வேரூன்றியது. அதற்கு முன்னும் பின்னுமாகத் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட குடும்பங்கள் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் அடைக்கப்பட்டன. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921 இல் முடிந்து, 1924 இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதலே கப்பல் ஓடிக்கொண்டிருந்தபடியால், சென்னையில் ஏற்றிய ஒரு பெட்டி, கடலைக் கடக்கும் சிறு தூரம் நீங்கலாக, வழி முழுவதும் ரயிலிலேயே பதுளைக்கு வந்து சேரலாயிற்று. தேயிலையை இறக்குவதற்காகப் போட்ட பாதை பாட்டை ஏற்றிக்கொண்டு வந்தது.

வந்த பாட்டு வெறுமையான இடத்திற்கு வந்துவிடவில்லை. காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், அருச்சுனன் தபசும், தாலாட்டும் ஒப்பாரியும், விடியுமுன் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் எடுக்கும் கூட்டத்துக்கு) எழுப்பிய தப்பும் அம்மக்களிடம் ஏற்கனவே இருந்தன. சி. வி. வேலுப்பிள்ளை இவற்றுட் பலவற்றைத் தேடித் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாகத் தந்தார். ஆயினும், சாஸ்திரீய சங்கீதம் என்று நாம் வழங்குவதற்கு அங்கே இடமே இருக்கவில்லை. சங்கீதம் வளர்வதற்கு ஆதாரமான கோயில் மானியமோ, மிராசுதாரரோ, சபையோ, பாடம் சொல்லும் பாகவதரோ மடுல்சீமை மலையில் எப்படி இருத்தல் கூடும்? பெயர் போட்டால்தான் கூலி என்றிருந்த வாழ்க்கையில், நான்கு மணி நேரக் கச்சேரிக்கு உட்கார ஓய்வு ஏது? ஆகையால், இந்த மலைகளுக்குச் சங்கீதம் மனித உருவில் வரவில்லை. பன்னிரண்டு அங்குலமும் பத்து அங்குலமுமான அரக்குத் தட்டுகளின் உருவில் வந்தது.

அந்தத் தட்டின் இயல்பைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902 இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தபோது, பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். தட்டுகளை அச்சடித்தது ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துத் தொழிற்சாலை. அங்கிருந்தவர்கள் பாடியவர் இன்னார் என்று அறிந்து காகிதம் ஒட்டுவதற்கு அந்த அறிவிப்பு வேண்டியிருந்தது. 1908 இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை அமைந்தபின் அத்தேவை நீங்கிற்று. தட்டின் மற்றோர் இயல்பு அதன் காலக் கணக்கு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் என்று விஸ்தாரமாகப் பாடிப் பழகின வித்துவான்கள், ஒரு கீர்த்தனத்தை மூன்று நிமிடத்துள் அடக்கவேண்டியவர்களானார்கள். ராகத்தின் முகத்தை ஒரே கோட்டில் காட்டிவிட்டுப் பல்லவிக்குள் பாயவேண்டும். இரண்டாம் சரணம் பெரும்பாலும் கைவிடப்படும். இதனாற் சங்கீதம் சிதைந்ததென்று குறைப்பட்டவர் உண்டு. நம்முடைய அபிப்பிராயம் வேறு. வீணை தனம்மாள் 1930களில் கொலம்பியாவுக்காக வாசித்தளித்த தட்டுகளைக் கேட்டவர்கள், மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாததை மூன்று மணியிலும் சொல்ல முடியாது என்றே கருதுவர். இசைப் பயிற்சி அற்ற கேள்வியாளனுக்கோ இந்தச் சுருக்கம் பெரும் உபகாரமாயிற்று. ஒரே தட்டைப் பலமுறை போட்டுக் கேட்பதனால் ராகம் ஒன்றின் வடிவம் அவனுடைய செவியிற் படிந்துவிடும். கச்சேரிக்குப் போகிறவனுக்கு இந்த வசதி இல்லை.

தொலைவிலிருந்து கேட்பவன் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஊவாவுக்கு வெளியே ஓர் உதாரணம் உண்டு. பாடகி கோயம்புத்தூர் தாயியின் தட்டுகளைக் கேட்டு மயங்கிய பிரெஞ்சுக்காரர் மொரீஸ் தெலாஜ், அவற்றிலொன்றை ஆதாரமாகக் கொண்டு ‘ராகமாலிகா’ என்ற பெயரில் குரலுக்கும் பியானோவுக்குமாக ஓர் உருப்படியே அமைத்தார். பாரிஸ் நகரத்து இசைவாணனுக்கும் பசறைக் கணக்கப்பிள்ளைக்கும் இந்த விஷயத்தில் நிலை ஒன்றுதான்: இருவருக்கும் குரு, தட்டு.

தமிழ்நாட்டு இசைத்தட்டுகளில் இலங்கைக்குச் சொந்தம் கொண்டாடத் தக்கவை எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் பாடியவை. 1926 இல் கொழும்பு நாடக மேடையில்தான் அவ்விருவரும் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்கள்; அடுத்த ஆண்டு மணம் புரிந்துகொண்டார்கள். கிட்டப்பா 1933 டிசம்பரில் மறைந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. அவருடைய குரல் அதன் பிறகு தட்டிலே மட்டுமே வாழ்ந்தது. நாடகப் பாட்டு என்று இவற்றை இளக்காரமாகப் பேசும் சங்கீத பண்டிதர்களுக்கு ஒன்று சொல்லலாம்: செங்கோட்டைக் கிட்டப்பாவின் காம்போதியும் கொடுமுடி சுந்தராம்பாளின் விருத்தமும் இல்லாதிருந்தால், தென்னாட்டிலும் சரி, மலைநாட்டிலும் சரி, பாமர ஜனங்களுக்கு ராகமென்னும் பதார்த்தத்தின் ருசியே தெரிந்திராது. அக்காலத்துச் சிந்து, கும்மிப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். வாங்குகிறவனுக்கு அந்த மெட்டு முன்பே தெரியும் என்பது அச்சிட்டவனுடைய நம்பிக்கை. தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் கூட்டங்களிற் பாட்டுப் பாடியே ஆட்களைத் திரட்டினார்கள் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணவேண்டும். பாட்டுக் கேட்கப் பழகிய செவி இல்லாவிட்டால் அந்த உத்தி பலித்திராது.

இனி, தோட்டத்தில் இந்தத் தட்டுகள் எவ்வாறு கேட்கப்பட்டன? கிராமபோன் பெட்டி லயத்து மக்கள் வாங்கக்கூடிய பொருளன்று. துரையின் பங்களாவில் ஒன்று இருக்கலாம். அதில் ஒலித்தது வேறு சங்கீதம். பெரிய கங்காணி, கிளாக்கர் ஐயா, டீமேக்கர், டவுனிலுள்ள கடை முதலாளி ஆகியோரிடமே தமிழ்ப் பாட்டுப் பெட்டி இருந்தது. ஆனால் ஒலிக்குப் படிநிலை தெரியாது. குவாட்டர்ஸ் திண்ணையில் வைத்த பெட்டியின் நாதம் சரிவில் இறங்கி லயத்து வாசலுக்கு வந்துவிடும். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் அடுப்பு மூட்டியபடியே கேட்பார்கள். இன்றைக்கு ஐயா வீட்டில் புதுப் பிளேட் என்ற செய்தியை எவரும் அறிவிக்கவேண்டியதில்லை. ‘நான் தற்போது இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று தனித்துச் சொல்லும் வழக்கம் அங்கே தோன்றாமைக்குக் காரணம் இதுதான். கேட்பதே சொல்வதாகவும் இருந்தது.

ஒலிபெருக்கி வந்தபின் இந்நிலை முழுமை பெற்றது. மாரியம்மன் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுவதென்பது தோட்டங்களிற் காப்புக் கட்டுவதற்கு அடுத்த சடங்காகவே ஆகிவிட்டது. மரத்தின் உச்சியில் கட்டிய குழாயிலிருந்து விநாயகர் பாட்டுடன் தொடங்கி, நாகசுரமும், பக்திப் பாடல்களும், பின்னர் சினிமாப் பாட்டுகளுமாக ஒலிப்பது ஒரு தோட்டத்துக்கு மட்டுமன்று. பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்துத் தோட்டமும் அதைக் கேட்டாகவேண்டும். அங்கே திருவிழா வரும்போது அவர்களும் பதிலுக்குக் கேட்பிப்பார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தட்டிலே கேட்டவர்கள், அந்த நாதம் அறைக்குள் அடங்கும் நாதமன்று என்பதை அறிவார்கள். நாகசுரம் திறந்த வெளிக்கே உரிய வாத்தியம். கோயில் வீதிக்காகப் பிறந்தது. சென்னையில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து கேட்டவரைவிட, மலைச்சரிவில் நின்று கேட்ட தொழிலாளி அதன் இயல்பான சூழலுக்கு அணுக்கமாக இருந்தான் என்றே சொல்லத் தோன்றுகிறது.

கிராமபோன் விஷயத்தில் இலங்கையில் எழுந்த பழைய கண்டனங்களுள் ஒன்று ஆனந்த குமாரசுவாமியுடையது. கொழும்பிற் பிறந்து, 1903 முதல் சில ஆண்டுகள் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்த அவ்வறிஞர், 1909 இல் வெளியிட்ட தேசிய இலட்சியம் பற்றிய கட்டுரைத் தொகுதியில், இந்தக் கருவி கூடாது என்பதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். இயந்திரம் பாடத் தொடங்கினால் உயிருள்ள கலைஞன் ஒதுங்குவான், கேட்பவனுடைய ரசனையும் மழுங்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். பெரியோர் வாக்கை எளிதில் மறுத்தல் தகாது. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளையும் தஞ்சைச் சபைகளையும் மனத்திற் கொண்டால் அவ்வாதம் வலிமையுடையதே. ஊவாவிலோ, கிராமபோன் இடம் பறிப்பதற்குப் பாகவதர் எவரும் இருக்கவில்லை. அவ்விடத்தில் அது கொடுத்ததே ஒழிய எடுத்துக்கொண்டதில்லை. எனினும் வாதத்தின் மறுபாதி நம்மை விடுவதில்லை. தாலாட்டுப் பாடினவள் தட்டுப் பாட்டைக் கேட்டுத் தன் பாட்டை நிறுத்தினாளா? ஸ்பீக்கர் முழங்கிய இரவுகளில் காமன் கூத்தின் குரல் தணிந்ததா? தணிந்தது என்றே கொள்ளவேண்டும். மலையகத்து வாய்மொழிப் பாடல்களை அச்சிலேற்றிக் காக்கவேண்டிய அவசியம் நேர்ந்ததற்கு, வேறு பல காரணங்களோடு இந்தப் புதிய ஒலியும் ஒரு காரணம். குமாரசுவாமி அஞ்சிய நட்டம் ஊவாவிலும் நேர்ந்தது. ஆனால் அது வித்துவானுக்கு நேரவில்லை, ஒப்பாரிக்காரிக்கு நேர்ந்தது.

இனி, கேட்டதைப் பகிர்ந்த முறைக்கு வருவோம். பதுளைக்கு ரயில் வருவதற்கு முந்திய ஆண்டாகிய 1923 இல் லண்டனில் கொம்ப்டன் மெக்கன்ஸி ‘கிராமபோன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். இங்கிலாந்தில் தட்டு வாங்கிக் கேட்பவர்கள் தாம் கேட்பது இன்னது, அதில் நிறை இன்னது, குறை இன்னது என்று எழுதிப் பகிர அது களமாயிற்று. தமிழில் அதற்கு நிகராகச் சொல்லத் தக்கது ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரிற் கல்கி எழுதிவந்த ‘ஆடல் பாடல்’ பகுதி. கடல் கடந்து வரும் விகடனை வாசித்த கடை முதலாளிகளும் ஆசிரியர்களும் அடுத்து எந்தத் தட்டைத் தருவிப்பது என்பதற்கு அதனை வழிகாட்டியாகக் கொண்டிருக்கக்கூடும். ஆனால் அச்சு, எழுத்தறிந்தவர்களுக்கே உரியது. எழுத்தறியாதவனும் தன் ரசனையைப் பிறருக்கு அறிவிக்கும் ஏற்பாடு ஒன்று ஊவாவுக்கு வேண்டியிருந்தது. அதனை வானொலி தந்தது.

இலங்கை வானொலியின் பிறப்பே கிராமபோன் தட்டோடு சம்பந்தப்பட்டது. 1923 இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையொன்றிலிருந்து பரீட்சார்த்தமாக ஒலிபரப்பியது கிராமபோன் இசையைத்தான். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகள் அதற்கு உதவின. 1925 டிசம்பர் 16 அன்று முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் தென்கிழக்காசியப் படைக்காக நிறுவிய வலிமை மிக்க ஒலிபரப்பி யுத்தத்தின்பின் இலங்கையின் கைக்கு வர, 1950 இல் வர்த்தக சேவை ஆரம்பமானது. 1952 இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டுக்கு இடமளிக்காமற் சாஸ்திரீய சங்கீதத்தை முன்னிறுத்தியபோது, சினிமாப் பாட்டு விரும்பிகளெல்லாம் கொழும்பை நோக்கித் திரும்பினார்கள். ஊவாவில் இருந்தவனுக்கோ இரண்டும் லாபம். 1939 முதல் இயங்கிய திருச்சி நிலையம் மத்திய அலையில் இரவு நேரத்தில் மலைகளுக்கு எட்டும். முள்ளைச் சற்றே திருப்பினால் கொழும்பு. அரியக்குடியும் செம்மங்குடியும் மதுரை மணியும் ஒரு பக்கம், அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலும் அவர் போடும் தட்டுகளும் மறுபக்கம். கேஸ்கர் பிரித்துவைத்த இரண்டையும் ஊவாக்காரன் ஒரே பெட்டியிற் சேர்த்து வைத்துக்கொண்டான்.

‘நேயர் விருப்பம்’ என்ற நிகழ்ச்சியைப் பற்றி இவ்விடத்திற் சற்று நின்று பேசவேண்டும். தபாலட்டையில் பாட்டின் பெயரும் விரும்புவோரின் பெயர்களும் ஊரும் எழுதி அனுப்பினால், அறிவிப்பாளர் அவற்றை வரிசையாக வாசித்துவிட்டுத் தட்டைச் சுழலவிடுவார். எழுதத் தெரியாதவர் தெரிந்தவரைக் கொண்டு எழுதுவிப்பார். கௌஹர் ஜான் தட்டின் முடிவில் பாடினவரின் பெயர் கேட்டதென்றால், இங்கே தட்டின் தொடக்கத்திற் கேட்பவரின் பெயர் கேட்டது. இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளுவோர் ஒரு சரித்திர உண்மையை மறக்கிறார்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் இந்தத் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரைப் பிரஜைகளின் கணக்கிலிருந்தும் வாக்காளர் இடாப்பிலிருந்தும் நீக்கிவிட்டன. தேர்தல் இடாப்பில் இல்லாத பெயர்கள், அரசாங்கத்தின் வானொலியிலேயே, தோட்டப் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் நாடறிய வாசிக்கப்பட்டன. அப்பெயருக்குப் பின்னால் அவர்கள் தேர்ந்த பாட்டு ஒலித்தது. அவர்களுடைய தேர்வுக்கு அக்காலத்தில் மதிப்பளித்த இடம் வேறு அதிகம் இல்லை.

தேர்ந்தவை சினிமாப் பாட்டுகள்தாமே, சாஸ்திரீய சங்கீதம் எங்கே என்று வினவலாம். 1962 இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் போட்டியிட்ட ஆபேரி ராகப் பாட்டையும், 1968 இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் மதுரை சேதுராமன் பொன்னுச்சாமி சகோதரர் வாசித்தவற்றையும் விருப்பமாகக் கேட்ட செவி, ராகத்தைப் பெயரறியாமற் பழகிய செவி. பெயர் பிறகு வந்தது. அறிவிப்பாளரின் வாயிலாக வந்தது. டிரான்சிஸ்டர் மலிந்த 1960களில், மின்சாரமில்லாத லயத்துக்குள்ளும் நான்கு பற்றரிகளின் பலத்தில் சங்கீதம் நுழைந்துவிட்டது.

ஊவாவின் மற்றோர் எல்லையாகிய கதிர்காமத்தையும் மறத்தலாகாது. மொனராகலை மாவட்டத்திலுள்ள அத்தலம் அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்றது. ஆடித் திருவிழாவுக்கு நடந்து போகும் தோட்டத்து அடியாருக்குத் திருப்புகழின் சந்தமும் சூலமங்கலம் சகோதரிகளின் கந்தசஷ்டி கவசத் தட்டும் வேறு வேறு தெய்வ வழிபாடுகளல்ல. 1963 இல் எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் நீள் ஓட்டத் தட்டாக வந்தபின், விடியற்காலையில் தப்பு முழங்கிய மலைகளில் அதுவும் முழங்கலாயிற்று.

இவ்வளவையும் சிதறடித்தவை இரண்டு. 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. பெட்டி கட்டிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன குடும்பங்களின் சுமைக்குள், உடையும் தன்மையுள்ள அரக்குத் தட்டுக்கு இடம் கிடைத்திராது. மற்றொன்று 1983 இன் இனக்கலவரம். ஜூலை 27 அன்று பதுளைக் கடைவீதியிலும் பின்னர் ஹாலி-எல, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. ஓர் ஊரின் தட்டுகள் பெரும்பாலும் கடை முதலாளிகளிடத்தும் உத்தியோகத்தரிடத்தும் இருந்தன என்பதை முன்னர் கண்டோம். எரிந்தவையும் அந்தக் கடைகளும் வீடுகளுமே. அரக்கு வெப்பத்தில் இளகிவிடும்.

ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் தம் கதைகளில் அம்மண்ணின் வாழ்வை எழுதிவைத்தார், மு. நித்தியானந்தன் ‘கூலித்தமிழ்’ என்னும் நூலில் தோட்டங்களைச் சார்ந்த பழைய அச்சுப் பிரதிகளைத் தேடிக் கண்டு ஆராய்ந்தார். எழுத்துக்குச் செய்யப்பட்ட இந்தத் தொண்டு கேள்விக்குச் செய்யப்படவில்லை. இப்பொழுது கைபேசியில் பாட்டை அனுப்பி, நான் இதைக் கேட்கிறேன், நீயும் கேள் என்று சொல்லும் பேரப்பிள்ளைகள், தங்கள் தாத்தா எதைக் கேட்டார் என்று வினவினால் காட்டுவதற்கு ஒரு பட்டியல்கூட நம்மிடம் இல்லை.

ஆகையால் ஊவாவில் இன்னும் பழைய தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அவற்றை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவேண்டாம். அரக்கு அதிற் கரைந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஒவ்வொரு தட்டின் உறையிலும் பாடினவர், ராகம், கம்பனி, இலக்கம் ஆகியவற்றுடன், அது யாருடைய வீட்டில், எந்தத் தோட்டத்தில், எந்தத் திருவிழாவில் ஒலித்தது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். வானொலிக்கு எழுதிய அட்டையின் பிரதியோ, பாட்டுப் புத்தகமோ, ஸ்பீக்கர் செட்டுக்காரரின் கணக்குக் கொப்பியோ இருந்தால் அதனையும் சேருங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழரின் ஆவணங்களை எண்ணிம வடிவிற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடமோ, சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடமோ அவற்றின் படியொன்று போய்ச் சேரட்டும். பாடினவரின் பெயர் தட்டிலேயே இருக்கிறது; கேட்டவரின் பெயரை நீங்கள்தான் எழுதவேண்டும்.